காட்டுக்கென்று சுட்ட குண்டு

"படு. எந்திரிக்காத. படு."

அப்பா கத்துகிறார். குரல் மட்டும் கேட்கிறது. ஆள் தெரியவில்லை. புகை. மண். காற்றே இல்லை, ஆனால் இலை கொட்டுகிறது.

முதலில் தூரத்தில் ஒரு சத்தம். கனமான கதவை யாரோ அறைந்து சாத்துவது போல. பிறகு ஒன்றுமில்லை. பிறகு தலைக்கு மேலே, நீளத் துணியைக் கிழிப்பது போல. அதற்குப் பிறகு வருவது காதில் கேட்பதில்லை. நெஞ்சில் விழுகிறது. பல் கிடுகிடுக்கிறது. வாயில் மண்.

மறுபடி கதவு. மறுபடி துணி.

என் வாளி கவிழ்ந்து கிடக்கிறது. காலையிலிருந்து சேர்த்த ரப்பர் பால் மண்ணில் ஓடுகிறது. மரங்களிலும் பால் வடிகிறது, பால் வெட்டும் உளி படாத இடங்களில். இரும்புத் துண்டுகள் கீறிய இடங்களில்.

லெட்சுமி எழுந்து நிற்கிறாள். என் தங்கை. ஒன்பது வயது. மரத்தில் ஒட்டி உறைந்த ஒட்டுப்பால் பொறுக்க எங்களோடு வந்தவள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நட்டமாக நிற்கிறாள்.

"லெட்சுமி, படு."

அவளுக்குக் கேட்கவில்லை. அப்பா அவளை நோக்கி ஓடினார். எங்களைப் படு என்று கத்தியவர், தான் படுக்கவில்லை.

துணி கிழிந்தது.

என் பெயர் அஞ்சலை. அன்று எனக்குப் பதினேழு வயது. இடம், ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டம். ஆண்டு 1958. இப்போது நான் ஒஸ்லோவில் குரோருட் என்ற பகுதியில் ஆறாம் மாடியில் இருக்கிறேன். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இருபத்தைந்து வருஷம் வேலை செய்துவிட்டு ஓய்வில் இருக்கிறேன். இஞ்சை உள்ள தமிழர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தார். பார், 'இஞ்சை' என்று எனக்கே வந்துவிட்டது. நான் மலாயாக்காரி. என் கணவர் வேலு நோர்வே கப்பலில் சமையலாளாக இருந்தார். சிங்கப்பூரில் என்னைக் கல்யாணம் செய்து இங்கே கூட்டி வந்தார். அவர் இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

என்ன போர் என்று கேட்பார்கள். பக்கத்து வீட்டு ஈசுவரி கேட்டாள்.

"மலேசியாவில சண்டை நடந்ததோ அக்கா? நான் கேள்விப்படேல்லையே."

கேள்விப்பட்டிருக்க மாட்டாள். அதற்குப் போர் என்று பெயர் வைக்கவில்லை. அவசரகாலம் என்றார்கள். போர் என்றால் தோட்டத்து முதலாளிகளுக்குக் காப்புறுதி கிடைக்காதாம். அதனால் அவசரகாலம். பன்னிரண்டு வருஷம் நீடித்த அவசரம்.

காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். நாங்கள் காட்டுக்காரர்கள் என்போம். அவர்களைப் பிடிக்க வெள்ளைக்காரப் பட்டாளம் வந்தது. கூடவே வேறு நாட்டுப் பட்டாளங்களும் வந்தன. பிறகு மலாயாவுக்குச் சுதந்திரம் வந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் புதுக்கொடி ஏற்றினார்கள். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். இனிப் பட்டாளம் கப்பலேறிவிடும் என்று அப்பா சொன்னார். ஏறவில்லை. கொடி மாறியது. பீரங்கி அங்கேயே நின்றது.

காட்டுக்காரர்களை நான் நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. எங்கள் கங்காணியை அவர்கள்தான் கொன்றார்கள், பெண்டாட்டி கண்ணெதிரே. சோறு கேட்டு வந்தவன் துப்பாக்கியோடு வந்தான். கொடுத்தோம். கொடுக்காமல் என்ன செய்வது. கொடுத்ததற்குப் பட்டாளம் அடித்தது. கொடுக்காவிட்டால் காடு அடித்திருக்கும்.

அதனால் எங்களைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். வரிசை வீடுகளான லயத்துக்கு ஒரே வாசல். அதில் காவல். வீட்டில் அரிசி வைத்திருப்பது குற்றம். பொதுவில் பெரிய அண்டாவில் சோறாக்கிக் கொடுத்தார்கள். சோறு என்றால் கெட்டுப்போகும், காட்டுக்குப் போய்ச் சேராது என்று கணக்கு. விடியுமுன் வேலைக்குப் போகும்போது மடியை அவிழ்த்துக் காட்ட வேண்டும். ஒரு பருக்கை வெளியே போகக் கூடாது. மதியம் திரும்பும்வரை வயிறு காய்ந்து பால் வெட்டினோம்.

இதையெல்லாம் நான் யாருக்கும் சொன்னதில்லை. என் மகளுக்கும் சொன்னதில்லை.

மகள் பெயர் மலர். இங்கேயே பிறந்தவள். முப்பதை நெருங்குகிறாள். தாதி. யாழ்ப்பாணப் பிள்ளைகளோடு சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் வளர்ந்ததால் அவள் பேச்சு அவர்கள் பேச்சு. நான் ஒரு தமிழ் பேசுவேன், அவள் ஒரு தமிழ் பேசுவாள்.

2006. சித்திரை. வெளியே பனி உருகிக் கறுப்பாகக் கிடந்தது. ஞாயிறு மதியம். குறொன்லாண்டுக் கடைத்தெருவில் வாங்கிய பாகற்காயை நான் அரிந்துகொண்டிருந்தேன். மலர் வந்தாள். சப்பாத்தைக் கழற்றாமலே சமையலறை வாசலில் நின்றாள்.

"அம்மா, நான் ஆப்கானிஸ்தான் போறன். ஆறு மாசம்."

கத்தியை வைத்தேன்.

"எதுக்கு?"

"நோர்வே ஆமியோட. சண்டைக்கு இல்லை. காயப்பட்ட ஆக்களுக்கு மருந்து கட்டப் போறன். அந்தச் சனத்துக்கும் ஆசுப்பத்திரி வேணும்தானே."

"ஒதவி செய்யப் போறீங்க."

"ஓம் அம்மா. உதவத்தான்."

"எங்க தோட்டத்துக்கும் ஒதவத்தான் வந்தாங்க."

அவள் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். "என்ன தோட்டம்?" என்று கேட்டாள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக நான் சொன்னேன். அவளைத் தடுக்கத்தான் சொன்னேன். வேறு எண்ணம் இல்லை.

சொன்னது இது.

புகை அடங்கியபோது அப்பா முகம் குப்புறக் கிடந்தார். திருப்பினேன். திருப்பியிருக்கக் கூடாது. அவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. லெட்சுமி அவருக்கு அடியில் இருந்தாள். உயிரோடு. வலது தொடையில் சதை இல்லை. அவள் அழவில்லை. "அக்கா, பசிக்குது" என்றாள். அதைத்தான் சொன்னாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நிரை நிரையாக மரம். ஒரே மாதிரி. வழி மறந்துவிட்டது. பின்னால் இன்னும் கதவுகள் சாத்திக்கொண்டிருந்தன. காட்டின் ஓரத்தை அன்று சுடப்போகிறோம் என்று பட்டாளம் தோட்டத்துக்குச் சொல்லியிருந்ததாம். தோட்டத்தில் யாரோ எங்களிடம் சொல்லவில்லை. அல்லது பட்டாளம் சொல்லவே இல்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் நிரை காட்டிலிருந்து எவ்வளவோ தள்ளி இருந்தது. அது மட்டும் எனக்குத் தெரியும்.

லயத்து வாசலுக்கு வந்தேன். பூட்டியிருந்தது.

"தொறங்க. புள்ளைக்கு அடிபட்டிருக்கு. தொறங்க."

"ஆபிசர் உத்தரவு இல்லாம தொறக்க முடியாது."

சொன்னவன் காவல்காரன். தமிழன்தான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். வேலிக்கு உள்ளே அம்மா வந்துவிட்டாள். கம்பிக்குள் கையை விட்டாள். லெட்சுமியின் கால்விரல் அம்மாவின் கைக்கு எட்டியது. அவ்வளவுதான் எட்டியது.

அப்போது உள்ளே இருந்து ஒரு வெள்ளைக்காரப் பட்டாளத்துப் பையன் ஓடி வந்தான். சிவப்பு முடி. கையில் மருந்துப் பை. என்னைவிட இரண்டு வயது கூட இருப்பானோ என்னவோ. காவல்காரனிடம் கத்தினான். எங்களை உள்ளே விட அவனுக்கு அதிகாரம் இல்லை. தான் வெளியே வர அதிகாரம் இருந்தது. வந்தான். மண்ணில் மண்டியிட்டான். தொடையை இறுக்கிக் கட்டினான். ஊசி போட்டான். தண்ணீர் கொடுத்தான். ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான், இங்கிலீசில். எனக்குப் புரியவில்லை. அழுதான் என்று அம்மா பிறகு சொன்னாள். நான் பார்க்கவில்லை. நான் தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டவுனிலிருந்து லாரி வர வெயில் ஏறிவிட்டது. டவுனுக்குப் பாதி வழியில் லெட்சுமி போய்விட்டாள். என் மடியில். லாரிக்காரர் நிறுத்தவில்லை. நான் நிறுத்தச் சொல்லவில்லை.

என் அண்ணன் முனியாண்டி அன்று வேறு பிரிவில் பால் வெட்டினான். சத்தம் கேட்டதும் வேலையைப் போட்டுவிட்டு எங்களைத் தேடி அலைந்திருக்கிறான். சாயங்காலம் வாசலுக்கு வந்தவனைச் சோதனை போட்டார்கள். அவன் வாளிக்கு அடியில், இலையில் கட்டிய ஒரு கவளம் சோறு. காலையில் அம்மா வைத்தது. மதியம்வரை பசி தாங்காத லெட்சுமிக்கு, வேலைக்கு நடுவே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி. காலையில் கண்ணில் படாதது சாயங்காலம் பட்டது. அவன் அதைத் தின்றிருக்கலாம். எங்களைத் தேடுகிற ஓட்டத்தில் தின்னவில்லை. தின்னாத சோறு காட்டுக்காரனுக்குத்தான் என்றார்கள்.

அவனைக் கொண்டு போனார்கள்.

மறுநாள் எங்களைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்தார்கள். முற்றத்தில் மூன்று உடல்கள். கிடத்தி வைத்திருந்தார்கள், ஊரார் பார்க்கும்படி. ஒன்று அப்பா. பக்கத்தில் அவருடைய உளி. ஆயுதம் போல வைத்திருந்தார்கள். வெள்ளைக்கார ஆபிசர் ஒருவர் நிழலில் நின்றார். மொழிபெயர்க்க ஒரு தமிழர்.

"இவன் ராத்திரியில வெளிய போவானா?"

"பால் வெட்டப் போனவருங்க. காலையில. ஆளு கணக்கெடுக்கிற பிரட்டுல பேர் கொடுத்துட்டுப் போனவருங்க" என்றாள் அம்மா.

அவர் ஆபிசரிடம் ஏதோ சொன்னார். அம்மா சொன்னது நீளம். அவர் சொன்னது இரண்டு வார்த்தை.

அன்று பிற்பகல் ஒலிபெருக்கி கட்டிய வண்டி லயத்துக்கு வந்தது. மலாயில் சொன்னது. சீனத்தில் சொன்னது. பிறகு தமிழில். நல்ல தமிழ், சுத்தமான உச்சரிப்பு. மூன்று பயங்கரவாதிகள் கொல்லப்பட்டார்கள், உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

அண்ணனை நாடு கடத்தினார்கள். நாகப்பட்டினத்துக்குப் போகும் கப்பலில் ஏற்றினார்கள். அங்கே அவனுக்கு யாரும் இல்லை. கைக்குழந்தையாக அங்கிருந்து வந்தவன். சுதந்திர மலாயா அனுப்பியது அவனை. வெள்ளைக்காரன் கூட இல்லை.

இவ்வளவும் சொன்னேன். பாகற்காய் அரிந்தபடியே கறுத்துப்போயிருந்தது. மலர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போது பிடித்தாள் தெரியவில்லை. அவள் கன்னம் நனைந்திருந்தது. போகமாட்டாள் என்று நினைத்தேன்.

"அம்மா," என்றாள். "அந்தச் சிவப்புத் தலைமயிர்ப் பெடியன் இல்லாட்டி சித்தி அந்த வாசலிலயே செத்திருப்பா."

"லாரியில செத்தா."

"உங்கட மடியில. உங்கட முகத்தைப் பாத்துக்கொண்டு. அவன் அந்த நேரத்தை வாங்கித் தந்தவன். அப்படி ஒராள் அங்கை நிக்க வேணுமெல்லோ?"

"சுட்டவனும் அவன் ஆளு. கட்டுப் போட்டவனும் அவன் ஆளு. சுடாம இருந்திருந்தா கட்டு எதுக்கு?"

"அது எனக்கும் விளங்குது. சுடுறதை என்னால நிப்பாட்ட ஏலாது அம்மா. கட்டுப் போட ஏலும்."

என் அம்மா சாகும்வரை அந்தப் பையனை வாழ்த்திக்கொண்டிருந்தாள். "அந்தப் புள்ள நல்லா இருக்கணும்" என்பாள், விளக்கேற்றும்போதெல்லாம். புருஷனையும் பிள்ளையையும் கொன்ற பட்டாளத்துக்காரன் நல்லா இருக்கணுமாம். நான் அந்த வாழ்த்தைக் கேட்கப் பொறுக்காமல்தான் சிங்கப்பூருக்கு வீட்டுவேலைக்குப் போனேன். கடலைத் தாண்டி இங்கே வந்தேன். அதே வாழ்த்தை என் மகள் என் சமையலறையில் உட்கார்ந்து சொல்கிறாள். அவளுக்குச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. தானாகவே வந்திருக்கிறது.

எனக்கு அது இன்றுவரை வரவில்லை. வரவும் வேண்டாம்.

கோடையில் போனாள். குரோருட் ரயில் நிலையம்வரை கூடப் போனேன். பெரிய பச்சைப் பை. அவளைவிடக் கனம். ரயில் வந்தது. "சாப்பிடு" என்றேன். ஈசுவரி அன்று சாயங்காலம் வந்து, "பிள்ளை பெருமைப்படுற வேலைக்குத்தானே போயிருக்கிறா" என்றாள். அவளுடைய ஊரான யாழ்ப்பாணத்திலும் அந்த மாதம் குண்டு விழுந்துகொண்டிருந்தது. அவளுடைய தம்பி அங்கே இருந்தான். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். இருவரும் தொலைக்காட்சியைப் போடவில்லை.

மலர் திரும்பி வந்தாள். உடம்பில் காயம் இல்லை. என்ன பார்த்தாய் என்று நான் கேட்கவில்லை. மாதக்கணக்கில் அவளும் சொல்லவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தட்டைத் தள்ளி வைத்தாள்.

"சின்னப் பிள்ளையள் கனபேர் அம்மா."

"ம்."

"எல்லாரையும் எழுதி வைக்கினம், எத்தினை பேர் எண்டு. ஆர் எண்டு எழுதுறேல்லை." என்னைப் பார்த்தாள். "நீங்கள் எழுதுங்கோ. உங்களுக்குப் பெயர் தெரியும்தானே."

தெரியும். எழுதுகிறேன்.

பெருமாள். என் அப்பா. பால்வெட்டுக்காரர். பீரங்கிக் குண்டு.

மாரிமுத்து. புல்வெட்டுக்காரர். எங்களுக்கு அடுத்த நிரையில் இருந்தார். கல்யாணமாகி நான்கு மாதம். பீரங்கிக் குண்டு.

அ லியோங். பால் லாரி ஓட்டும் சீனர். தீபாவளிக்கு எங்கள் வீட்டில் சாப்பிடுவார். பீரங்கிக் குண்டு.

லெட்சுமி. என் தங்கை. லாரியில். பசியோடு.

முனியாண்டி. என் அண்ணன். கப்பலேற்றப்பட்டான். ஒரு செய்தியும் இல்லை. இருக்கிறானா என்று தெரியாததால் இறந்தவர்களோடும் சேர்க்க முடியவில்லை, இருப்பவர்களோடும் சேர்க்க முடியவில்லை.

பொன்னம்மா. என் அம்மா. பல வருஷம் கழித்து, காய்ச்சலில். நான் பக்கத்தில் இல்லை.

முற்றத்தில் கிடத்தியிருந்த மூன்று பேரையும் நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகியவள். அன்று காட்டுக்காரன் ஒருவனும் சாகவில்லை.