பொணமா நடிச்சா சிரிக்கணும்

ஹெலன்: ...நாளைக்கு மட்டும் சிரிச்சிடேன்யா. சொத்தயா எழுதிக் கேக்கறேன்?

ஆதிகேசவன்: டீ ஆறுது பாரு.

ஹெலன்: பேச்ச மாத்தாத. பொணமா நடிச்சவங்க, பாடைய வுட்டு எழுந்திருக்கறதுக்கு முன்னாடி கேமராவப் பாத்து சிரிக்கணும். பெரிய பெரிய ஆக்டருங்களே செய்றாங்க.

ஆதிகேசவன்: சாமி இல்ல, சாதி இல்ல, தாலி வேணான்னு நாவல் நாவலா எழுதினவன் நானு. தோஷம் கழிக்க இளிச்சேன்னு தெரிஞ்சா படிக்கறவன் காறித் துப்புவான்.

ஹெலன்: யாரு படிக்கறாங்க? தோல் கம்பெனி மொதலாளிங்களத் திட்டி எழுதின, ஆம்பூர்ல ஒருத்தனும் வாடகைக்கு வீடு தரல. நம்ம தாலி கட்டாத கதைய எழுதின, சர்ச்சுல என் பக்கத்துல ஒருத்தி ஒக்காரல. நான் அந்தக் கண்றாவியத் தொடறதே இல்ல.

ஆதிகேசவன்: அந்தப் பேராலதான சினிமாக்காரன் கூப்டான்.

ஹெலன்: கூப்ட்டு? ஒண்ணுல குடிகாரன், ஒண்ணுல ஜட்ஜு. மத்ததெல்லாம் பொணம்.

ஆதிகேசவன்: அசையாம கெடக்கறதுல என்ன அடிச்சிக்க ஆளு இல்லயாம். டைரக்டரே சொன்னாரு.

ஹெலன்: வெளயாடாத. போன மாசம்தான் நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சு கூட்டினு வந்தேன். எனக்கு பயமா கீது...

ஆதிகேசவன்: இதுக்கு முன்ன மூணு படத்துல செத்தேன். அப்பல்லாம் சிரின்னு நீ சொல்லலியே.

ஹெலன்: ...அப்ப ஆல்வின் இருந்தான்.

ஆதிகேசவன்: யாரு, உங்க சித்தி பொண்ணு ஆரோக்கியமேரி வீட்டுக்காரனா? கேமரா யூனிட்டு?

ஹெலன்: ம்.

ஆதிகேசவன்: அவன் நம்ம ஆளாச்சே. ஷாட்டு முடிஞ்சதும் பாடைகிட்ட குனிஞ்சு, என் நாவல்லருந்து ஒரு வரி எடுத்து வுடுவான். போன தடவ, "மேல போனா அங்கயும் நைட்டு ஷிஃப்ட்டு போடுவானுங்கன்னுதான் சாவாம கீறேன்"ன்னான். கேமரா முன்னாடியே சிரிச்சிட்டேன். எனக்குன்னு இருக்கற ஒரே வாசகன்...

ஹெலன்: அவன் பேப்பரே படிக்க மாட்டான்யா. போன்ல நான்தான் படிச்சுக் காட்டுவேன், சொல்லி சிரிக்க வைடான்னு. இப்ப அவன் பெங்களூரு ஷூட்டிங் போய்ட்டான்... வேற யாருகிட்ட சொல்லி அனுப்புவேன்?

ஆதிகேசவன்: அந்த டீய இப்டி குடு.

ஹெலன்: கோச்சிக்காத. இருந்த ஒரு வாசகனும் போச்சேன்னு நெனைக்காத...

ஆதிகேசவன்: அந்த ஷிஃப்ட்டு வரி இன்னும் புக்காவே வரல ஹெலன். முந்தின நாளு எழுதி நம்ம வூட்டு டேபிள் மேல வெச்சேன், உன்னத் தவிர யாரு படிச்சிருப்பா? அதான் அவ்ளோ சிரிச்சேன்... நாளைக்கு நீயே கூட வா.