கோல்பியின் கேட்சர்

நான் கொஞ்சம் வாயாடி. பேஸ்பாலில் பந்தைப் பிடிக்கும் கேட்சர்கள் பலரும் அப்படித்தான். மட்டைக்காரனுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில் பொழுதெல்லாம் குந்தியிருப்பவன் பேசாமல் எப்படி இருப்பது? குழந்தை பிறந்துவிட்டதா, கார் ஓடுகிறதா என்று விசாரிப்பேன். நடுவர்கள் கண்டுகொள்வதில்லை.

கோல்பி ஹாஸ்கின்ஸ், பெரிய அணிக்கு ஆள் தயார் செய்யும் எங்கள் அயோவா அணிக்கு வந்தபோது மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அந்த வருடம் பெரிய அணிகள் நாடு முழுக்கத் தேர்ந்தெடுத்த பிட்சர்களில், அதாவது பந்து வீசுபவர்களில், முதல் ஆள். அவனுடைய வளைபந்து மட்டைக்காரனின் தோளுக்கு வருவதுபோல் வந்து முழங்காலுக்கு இறங்கும். நானோ முப்பதை நெருங்கியவன், மட்டை பிடிக்க லாயக்கில்லாதவன். என்னைக் கழற்றிவிட இருந்த சமயத்தில் அவன்தான் மேனேஜரிடம் போய் நின்றான்.

"கிழவன் பிடிச்சாத்தான் எனக்கு வீச வரும். அவரை அனுப்பாதீங்க."

அதனால் வைத்துக்கொண்டார்கள். அவன் மேல் அணிக்குப் போகும் அன்று எனக்கு வேலை போகும். இது அவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

ஜூன் மாதம் அவனை மேலே அழைக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "நீயும் வருவ கிழவா, நான் சொல்றேன் அவங்ககிட்ட" என்றான். மேலே இருப்பவர்கள் இவன் சொல்லையா கேட்பார்கள்? பாவம், சின்னப் பையன்.

எந்தப் பந்தை வீசுவது என்று விரலால் காட்டுவது நான். அடுத்த ஆட்டத்தில் விரலைக் காட்டிவிட்டு, எதிரணி மட்டைக்காரனிடம் "வளையும்" என்று மெல்லச் சொன்னேன். அவன் நம்பவில்லை. மறுபடி சொன்னேன். பந்து வேலியைத் தாண்டிப் போனது. அதன்பின் எந்த ஊரிலும் என் பேச்சுக்குக் காது கொடுத்தார்கள். அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது, யாரும் வெளியே சொல்லவில்லை.

மேலே அவனை அழைக்கவில்லை; அடுத்த கோடையும் அப்படியே போய்க்கொண்டிருந்தது. வீணாய்ப்போன தேர்வு என்று பத்திரிகைகள் எழுதின. கோல்பி சாப்பிடுவதைக் குறைத்துவிட்டான்.

"அவங்களுக்கு எப்படித் தெரியுது கிழவா? என் கைதான் எங்கேயோ காட்டிக்கொடுக்குது. பாத்துச் சொல்லேன்."

ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. "முழங்கை ஒசந்து நிக்குதுடா. கொஞ்சம் எறக்கி வீசு" என்றேன்.

அந்த ஆகஸ்டில், அப்படி இறக்கி வீசிய ஒரு வீச்சின் நடுவே முழங்கைத் தசைநார் அறுந்தது. மண்ணில் உட்கார்ந்தபடி டாக்டரைக் கூப்பிடவில்லை, என்னைத்தான் கூப்பிட்டான். அன்று நான் அழுதேன். அது நடிப்பில்லை.

இருவரையும் அனுப்பிவிட்டார்கள். நெப்ராஸ்காவில் இருக்கும் தன் அப்பாவின் பண்ணைக்கே என்னைக் கூட்டி வந்தான். பிள்ளையைக் கைவிடாதவன் என்று அவன் அம்மா என் தட்டில் பெரிய இறைச்சித் துண்டாகப் பார்த்து வைக்கிறாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கை நன்றாகக் கூடிவிட்டது. இந்த வசந்தத்தில் அவன் வீசுவதைப் பிடித்தபோது என் உள்ளங்கை பழையபடி எரிந்தது.

போன வாரம் வேறொரு அணியிலிருந்து போன் வந்தது. ஒருமுறை வந்து வீசிக் காட்டச் சொன்னார்கள். கோல்பி மாடுகளுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான். அவன் பந்தைத் தொடுவதையே விட்டுவிட்டான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

"யாரு கிழவா போன்ல?"

"யாரோ ராங் நம்பர்."

இன்னொரு தோல்வியை அவன் தாங்க மாட்டான். அவன் நல்லதை நினைக்க என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?