மேல் வீட்டில் குதிக்கிற சத்தம்

இல்ல டீச்சர், கோவிச்சுக்கிட்டு அப்படியே இறங்கிப் போயிடாதீங்க. உள்ள வாங்க. குதிச்சது நாந்தான். வேற யாரு குதிப்பா இந்த வீட்டுல? சிரிச்சுக்கோங்க, பரவால்ல. என்னைப் பாத்தா எனக்கே சிரிப்பு வருது. இந்த நாற்காலியில உக்காருங்க. நான் நின்னுக்கிட்டேதான் பேசுவேன், தப்பா நெனச்சுக்காதீங்க. நடுவுல நிறுத்துனா உடம்புச் சூடு ஆறிடுமாம், மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். காலை மட்டும் தூக்கித் தூக்கி வெக்கிறேன். இதுக்கு உங்க வீட்டுல சத்தம் கேக்காது.

அதோ, மாவு டப்பா மேல போனைச் சாத்தி வெச்சிருக்கேன் பாருங்க, அதுல வர்ற பொண்ணுதான் நமக்கு வாத்தியார். பல்லைக் காட்டிக்கிட்டே குதிக்குது. நெத்தியில ஒரு பொட்டு வேர்வை கெடையாது. இன்னும் பத்தே செகண்ட், பத்தே செகண்ட்னு கத்தும். நம்பி மூச்சைப் பிடிச்சுக் குதிச்சு முடிச்சா, உடனே அடுத்ததைத் தொடங்கிடும். ஆரம்பத்துல அது வலது கையைத் தூக்குனா நான் இடது கையைத் தூக்குவேன். எதிரும் புதிருமா நிக்கிறோமில்ல, ஒரே குழப்பம். ஒருநாள் திரும்புற வேகத்துல கதவு நிலையில முட்டியை இடிச்சு, வீங்கிப்போச்சு. இப்பவும் படி ஏறுனா உயிர் போகுது.

நடக்கலாமேன்னு கேக்குறீங்க. எங்க டீச்சர் வெளிய போறது? வேலை விட்டா நேரா வீட்டுக்கு ஓடி வரணும். இங்கேயே இருந்தாகணும்.

மருமகளா? உள்ளதான் படுத்திருக்கா. ஆமா, பகல்லயும்தான்.

டீச்சர், நீங்க நல்லவங்க, அதனால சொல்றேன். அவளைப் பத்தி மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க. கதவு சும்மா ஒருக்களிச்சுத்தான் இருக்கு. காதுல விழும்.

ஐயோ, மன்னிப்பெல்லாம் எதுக்கு. பாக்குறவங்களுக்கு அப்படித்தானே தெரியும். மாமியார்க்காரி வேலைக்கும் போயி, வீட்டையும் பாத்துக்கிட்டு குதிக்கிறா, மருமக படுத்துக் கெடக்குறான்னு. நான் தைக்கிற கம்பெனியிலயும் அதே பேச்சுத்தான். நாள் பூரா உக்காந்து சட்டைக் காலர் தைக்கிறோம், வாய்க்கு வேற என்ன வேலை? என்னக்கா, மருமகளுக்குப் போட்டியா எளைக்கிறியான்னு கேக்குறாளுங்க. ஆமாண்டி, அடுத்த வருஷம் பாரு, அவளுக்குத் தங்கச்சின்னு சொல்லுவீங்கன்னு நானும் சிரிச்சு வெச்சேன். போன வாரம் மெஷின் மேலயே மயங்கி விழுந்தேன், அப்புறம் ஒருத்தியும் கிண்டல் பண்றதில்ல.

சாப்புடுறேன் டீச்சர், சாப்புடாம இல்ல. எண்ணெய் இல்ல, இனிப்பு இல்ல, காயை வேக வெச்சு உப்புக்கூட அளந்து போட்டு... பட்டினி கெடக்கக் கூடாது, அது இன்னும் கெடுதலாம்.

எளைச்சிருக்கேனா? எங்கன்னு கேளுங்க. கன்னம் ஒட்டிப்போச்சு. கையில வளையல் நிக்க மாட்டேங்குது. ஆனா கொறைய வேண்டிய எடத்துல மட்டும் கொறைய மாட்டேங்குது. நேத்து குளிக்கிற ரூமுல குழாயைத் தொறந்து விட்டுட்டு, என் வயித்துலயே ஓங்கி ஓங்கி குத்திக்கிட்டு அழுதேன். அழுத சத்தம் வெளிய கேக்கக் கூடாதில்ல. அப்புறம் மூஞ்சியைக் கழுவிட்டு வந்து மறுபடி அந்தப் பொண்ணு முன்னாடி நின்னேன்.

தொப்பையா? தொப்பை கெடக்குது டீச்சர், அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். இது கல்லீரல். கல்லீரல்ல கொழுப்பு படிஞ்சிருக்காம்.

இல்லல்ல, பயப்படாதீங்க, எனக்கு ஒரு நோயும் இல்ல. இந்தக் கொழுப்போட இன்னும் எத்தனையோ வருஷம் தைச்சுக்கிட்டு இருப்பேன். இந்தக் கல்லீரல்ல பாதியை வெட்டி அவளுக்கு வெக்கணும், அதான். அவளோடது மொத்தமா போயிடுச்சு.

உக்காருங்க டீச்சர், எதுக்கு எந்திரிச்சிட்டீங்க? யாருகிட்டயும் சொல்ல வேணாம்னு அவதான் சொன்னா. பாவம் பாவம்னு ஆளாளுக்கு வந்து பாப்பாங்க, அதை என்னால தாங்க முடியாது அத்தைன்னா. உங்ககிட்ட வாய் தவறி வந்திருச்சு.

பையன்தான் மொதல்ல ஓடினான், நான் தர்றேன்னு. ரத்தம் சேரல. அவளைப் பெத்த அம்மாவுக்குச் சர்க்கரை, எடுக்கவே கூடாதுன்னுட்டாங்க. கடைசியில எனக்குத்தான் பொருந்துச்சு. இத்தனை வருஷத்துல எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போனது அது ஒண்ணுதான்! டாக்டர் ஸ்கேன் படத்தைப் பாத்துட்டு, இப்படியே எடுத்தா அவங்களுக்கும் ஆகாது உங்களுக்கும் ஆபத்து, கொறைச்சுட்டு வாங்கன்னாரு. எவ்வளவு நாள்ல கொறைக்கணும்னு கேட்டேன். எவ்வளவு சீக்கிரம் முடியுமோன்னாரு. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கும் தெரியும். ஒருவாட்டி போயி பாத்தாச்சு. கொறைஞ்சிருக்கு, பத்தலைன்னுட்டாங்க.

காலையில கதவைப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னா. கண்ணு ரெண்டும் மஞ்சளா இருக்கு. அத்தை, போதும், விட்டுடுங்க, உங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா அவரு என் மூஞ்சியில முழிக்க மாட்டாருன்னா. நீ போயிட்டா மட்டும் அவன் என் மூஞ்சியில முழிப்பானாக்கும், போய்ப் படுடின்னேன். சிரிச்சா. சிரிச்சா இருமல் வருது அவளுக்கு. முதுகைத் தடவி விட்டேன்.

நாளைக்கு டீச்சர். நாளைக்குத்தான் மறுபடி ஸ்கேன். இப்பவும் பத்தலைன்னா அப்புறம் என்னன்னு டாக்டர் சொல்லல. நானும் கேக்கல.

கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கை பட்டுடும். அந்தப் பொண்ணு ஆரம்பிச்சிடுச்சு.