ஒரே மாத்திரை

வாழைப்பழத்துக்குள் மாத்திரையைப் பொதிந்து கொடுத்தால் நாய் பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிவிடும். அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்றால் அப்படியே விழுங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. வயதான நாய் வைத்திருப்பவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் சொல்லுங்கள் மேடம், உதவியாக இருக்கும்.

என் பெயர் இருளம்மாள். தாயில்பட்டியில் இருக்கிறேன். வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுகிற வேலை. என் வீட்டுக்காரர் சங்கிலிமுத்து இறந்து பதினாறு நாள் ஆகிறது. இதய நோய் என்று டாக்டர் சான்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அது பொய்யில்லை. முழுவதும் அதுதான் என்றும் சொல்ல முடியாது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ஜிமிக்கியிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கு விளங்கும். அது எங்கள் நாய். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மகள் ரோஜா காலேஜ் பைக்குள் போட்டுத் தூக்கி வந்தாள். ரெண்டு காதும் தொங்கிக்கொண்டு ஆடியதால் அந்தப் பெயரை வைத்தாள். போன தை மாதம் அது இருமத் தொடங்கியது. முற்றத்தைக் கடப்பதற்குள் ரெண்டு தடவை உட்கார்ந்தது. பக்கத்து வீட்டு ஞானசுந்தரியின் மொபெட்டில், சாக்கை விரித்து மடியில் போட்டுக்கொண்டு சாத்தூரில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். இருதயம் வீங்கியிருக்கிறது, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார். ரெண்டு மாத்திரை எழுதினார். ஒன்று நாய்க்கென்றே செய்வது, மதுரையிலிருந்து வரவழைக்க வேண்டும். பத்து நாளைக்கான மாத்திரைக்கு என் அரை வாரக் கூலி போய்விடும். இன்னொன்றைப் பற்றி அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

"இது நீரைப் பிரிக்கிற மாத்திரைம்மா. மனுசங்க சாப்பிடுற அதே மாத்திரைதான்."

அட்டையில் இருந்த பெயரைப் பார்த்தேன். கடைக்கே போக வேண்டாம், எங்கள் வீட்டு டிவிக்கு மேலேயே இருந்தது. என் வீட்டுக்காரருக்கு ரெண்டு வருஷமாக அதே வியாதி. பெரியாஸ்பத்திரியில் மாதாமாதம் இலவசமாகக் கொடுப்பார்கள். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று கணக்காக இருக்கும். கூடுதலாக ஒன்று தரமாட்டார்கள்.

செலவைப் பார்க்கத்தானே வேண்டும். டீயை நிறுத்தினேன். கம்மலை விற்று மதுரை மாத்திரை வாங்கினேன். மற்றதற்கு அவருடைய அட்டையிலிருந்து எப்போதாவது ஒன்றை எடுத்தேன். ஒளித்து எடுக்கவில்லை. ஒரு மத்தியானம் ஜிமிக்கி விடாமல் இருமிக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார்.

"எனக்கு இன்னைக்குப் பரவாயில்ல இருளு. வாயில்லாச் சீவன், அதுக்குக் குடு."

அந்த ஒரு நாளைக்குத்தான் சொன்னார். நான் மறுபடி கேட்டுக்கொள்ளவில்லை.

அவரைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். குடிக்க மாட்டார், கைநீட்ட மாட்டார். பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருஷம் உழைத்தவர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தீபாவளி சீசனில் ஆர்டர் நெருக்கடி. ஆள் பிடித்துத் தருவதாக ஃபோர்மேனிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். ஒரு ஆள் குறைந்தது. ரோஜா பரீட்சை வருகிறது என்றாள். "ரெண்டு வாரம்தானே தாயி, நானும் கூடத்தான இருக்கேன்" என்று கூட்டிப்போனார். ஒன்பதாம் நாள் அவள் இருந்த ஷெட் வெடித்தது. அவர் டீ குடிக்க வெளியே வந்திருந்தார்.

அதைப் பற்றிக் கடைசிவரைக்கும் அவரை நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாய் அவளுடையது என்பதால் சொன்னேன்.

ஆடி மாதம் ஜிமிக்கிக்கு ரொம்ப முடியவில்லை. டாக்டர் அளவைக் கூட்டச் சொன்னார். அதற்குப் பிறகு ரெண்டு வேளை மாத்திரையும் அதற்கே போனது. அவருக்குக் கடையில் சுண்ணாம்புச் சத்து மாத்திரை வாங்கி வைத்தேன். அதுவும் வெள்ளைதான், உருண்டைதான். வெறும் கையை நீட்ட மனம் வரவில்லை.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதப் போட்டா முந்தியெல்லாம் ஒண்ணுக்கு நிக்காமப் போகும். இப்பப் போகலையே, இருளு."

"கம்பெனிய மாத்திட்டாக," என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சரி என்று சொல்லித் தண்ணீர் வாங்கி விழுங்கினார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவர் கேட்கவில்லை. நானும் அவரைக் கேட்காதவள்தானே.

கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். அவரும் இருமினார். மேடம், ரெண்டு இருமலும் ஒன்றுபோலவே இருக்கும். குழாய் சுற்றிக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து கேட்டால் எது யாருடையது என்று தெரியாது. எழுந்துபோய்ப் பார்ப்பேன். ஜிமிக்கி என்றால் நெஞ்சைத் தடவிக் கொடுப்பேன். அவர் என்றால் திரும்பி வந்து வேலையைப் பார்ப்பேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லி ஞானசுந்தரி ரெண்டு தடவை சத்தம் போட்டாள். சீசன் முடியட்டும் என்றேன். சீசனில் எல்லோரும் சொல்வதுதான் அது.

தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் சாயங்காலம், சாய்ந்தபடியே போய்விட்டார்.

நாய் இப்போது எங்கே, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்கிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. அது ஆவணிக் கடைசியிலேயே செத்துவிட்டது. கொல்லையில் முருங்கைக்குப் பக்கத்தில் குழி வெட்டி நான்தான் புதைத்தேன். அவர் வாசற்படிவரை தவழ்ந்து வந்து பார்த்தார், அழுதார்.

ஆமாம். அவர் போனது ஐப்பசியில். இடையில் ஐம்பது நாள் இருக்கும்.

அந்த ஐம்பது நாள் மாத்திரையும் வீணாகவில்லை. அது செத்த பிறகும் வீட்டில் இருமல் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. இருமல் கேட்டால் மாத்திரை எடுக்கத்தானே வேண்டும். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, கொல்லைக்குக் கொண்டுபோய் அதன் தலைமாட்டில் மண்ணைக் கிளறிப் புதைத்துவிட்டு வருவேன். ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. ஆள் அனுப்பித் தோண்டிப் பாருங்கள். மழையில் கரைந்ததுபோக மீதி இருக்கும். நான் வரும்வரைக்கும் அவர் உள்ளே சுவரில் சாய்ந்து கொல்லை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவைகூட என்ன செய்கிறாய் என்று கேட்டதில்லை.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள் மேடம். கையில் நாலு காசு இருந்திருந்தால் ரெண்டு பேருக்குமே வாங்கிக் கொடுத்திருப்பேன்.