நீலசந்திராவில் நேட்டோ

— ஹார்ன் அடிக்காதீங்க. நடுச்சந்துல அவ்வளவு பெரிய கூட்ஸ் ஆட்டோ நிக்கறது நமக்குத் தெரியற மாதிரி, நம்ம கார் நிக்கறது அவனுக்கும் தெரியும்.

— இது ஹார்ன் இல்ல, மங்களம். எச்சரிக்கை. ராணுவ ரீதியா பார்த்தா, முதல்ல எச்சரிக்கறவன் கையிலதான் ஆட்டம் இருக்கும்.

— ராணுவ ரீதியா பார்த்தா மணி பதினொண்ணரை. பட்டிமன்றம் பத்துக்கு.

— பெங்களூர்ல தமிழ்க் கூட்டம் என்னைக்குச் சொன்ன நேரத்துக்கு ஆரம்பிச்சிருக்கு? “விஞ்சி நிற்பது நேட்டோவின் டாங்கிப் படையா, ரஷ்யக் கூட்டணியின் டாங்கிப் படையா?” இதுதான் தலைப்பு. நேட்டோ அணித் தலைவர் பாலசுப்ரமணியன்னு நோட்டீஸ்லயே போட்டிருக்கு. நான் இல்லாம நடுவர் யாருக்கு மணி அடிப்பாரு?

— மல்லேஸ்வரத்துலேருந்து ரிச்மண்ட் ரோடு வழியா நேரா வந்திருந்தா, விவேக் நகர் எப்பவோ வந்திருக்கும்.

— நேரா போறது யாரு வேணும்னாலும் போவாங்க. எதிரணித் தலைவன் வெங்கடசாமி வீடு இந்த நீலசந்திராவுலதான் இருக்கு. நாம அவன் வாசல் வழியா போகணும். அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டே ஜன்னல்ல பார்க்கணும். பேசறதுக்கு முன்னாடியே எதிரியோட மனசை உடைக்கறது. அதுக்குப் பேரு உளவியல் தாக்குதல்.

— ஜன்னல் சாத்தியிருந்துச்சு.

— பயந்து சாத்தியிருப்பான்.

— போனையாவது ஆன் பண்ணுங்க. லேட்டாகும்னு ஒரு வார்த்தை சொல்லிடலாம்.

— படை நகரும்போது ரேடியோ மௌனம். கிளம்பும்போதே அணைச்சாச்சு. உன் போன் எங்கே?

— வீட்லயே வெச்சுட்டு வரச் சொன்னீங்க.

— சரியாத்தான் சொல்லியிருக்கேன்.

— உங்க அணியில இன்னும் ரெண்டு பேர் இருக்காங்களே? நீங்க போற வரைக்கும் அவங்க சமாளிக்க மாட்டாங்களா?

— ராஜேஷ்குமாருக்கு ஆபீஸ்ல அவசர மீட்டிங்காம், ஞாயித்துக்கிழமையில. பிரபா பையனுக்கு நீச்சல் கிளாஸாம். கூட்டணின்னாலே இதுதான். கையெழுத்து எல்லாரும் போடுவாங்க, டாங்கி ஒருத்தன்தான் அனுப்புவான்.

— அந்த ஒருத்தன் இங்க நிக்கறான். எல்லாம் ஒரு சால்வைக்காக.

— சால்வைக்காக இல்ல.

— ஜெயிக்கற அணித் தலைவருக்கு மட்டும்தான் சால்வைன்னு சொன்னதுக்கு அப்புறம்தானே நீங்க பேர் குடுத்தீங்க?

— இத பாரு. ஆபீஸ்ல எவன் ரிட்டயர் ஆனாலும் சிக்பேட் போய் சால்வை எடுத்துட்டு வந்தவன் நான். வெங்கடசாமிக்கே நான்தான் எடுத்தேன். கேன்டீன்ல அவனை நாற்காலியில உக்கார வெச்சுப் போத்தினாங்க, போட்டோ எடுத்தாங்க. நான் ரிட்டயர் ஆன மாசம் லாக்டவுன். கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமா மூஞ்சி, பாதிப் பேர் மியூட். ஜி.எம். தன் கேமரா முன்னாடி ஒரு சால்வையை விரிச்சுக் காட்டினாரு. “உங்களுக்குப் போத்தியதா நினைச்சுக்குங்க”ன்னாரு. மடிச்சு உள்ள வெச்சுட்டாரு.

— அது அப்புறம் வந்து சேர்ந்துச்சா?

— எதிரி நகர்றானா பாரு.

— நகரல. இறங்கி வர்றான்.

— சார்! ஏன் சார் இது, சும்னே லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கிறீங்க? சல்ப, கொஞ்சூண்டு ரிவர்ஸ் எடுங்க. உங்க பின்னாடி எல்லம்மா அக்கா பூக்கடை இருக்கு பாருங்க, அங்க எடம் இருக்கு. நீங்க ஒதுங்கினா நான் போய்டுவேன், அப்புறம் நீங்க போய்டுவீங்க. ஆய்த்து, முடிஞ்சுது.

— தம்பி, உன் பேரென்ன?

— நரேஷ். இதே ஏரியாதான். பேரு எதுக்கு சார், கம்ப்ளெயின்டா?

— பேச்சுவார்த்தைக்கு. நரேஷ், நீ ரிவர்ஸ் எடு.

— என் வண்டியில மேல வரைக்கும் பிளாஸ்டிக் சேர் கட்டியிருக்கு சார். பின்னாடி ஒண்ணும் தெரியாது. உங்க கார்ல கண்ணாடி இருக்கு, கேமரா கூட இருக்கு.

— அப்போ படைபலத்தை ஒப்பிட்டுப் பேசுவோம். என்னுது நாலு சக்கரம். உன்னுது மூணு. என்னுது ஒரு டன். உன்னுது சேரோட சேர்த்து என்ன வரும்?

— தெரியாது சார். வெயில் மண்டையைப் பொளக்குது.

— அதான் பிரச்சினை. எண்ணிக்கையை மட்டும் வெச்சு ஏமாறக் கூடாது. ரஷ்யாகிட்ட கிடங்கு கிடங்கா பழைய டாங்கி. காகிதத்துல பார்த்தா உலகமே நடுங்கும். ஆனா, ஓடறது எத்தனை?

— நம்ம மாடி ரூம்ல இருக்கற ட்ரெட்மில் மாதிரி தம்பி. அதுவும் கணக்குல இருக்கு.

— மங்களம், நடுவுல பேசாதே. நரேஷ், இன்னும் கேளு. டி-72ன்னு ஒரு டாங்கி. எடை கம்மி, உயரம் கம்மி, எல்லாம் சரி. ஆனா ரிவர்ஸ்ல போட்டா மணிக்கு நாலு கிலோமீட்டர். மனுஷன் நடக்கற வேகம். ஜெர்மனிக்காரன் லெப்பர்ட் முப்பதுல பின்னாடி போகும். என் பேச்சுக்கு நடுநாயகமே இதுதான். “பின்வாங்கத் தெரியாத டாங்கி, பாதி டாங்கி!” இந்த இடத்துல கைதட்டுக்காக நான் நிறுத்துவேன்.

— சூப்பர் சார். நீங்க லெப்பர்ட். முப்பது வேணாம், நாலுல எடுங்க.

— ஏங்க, தம்பி கேக்கறான்ல?

— கொள்கைன்னு ஒண்ணு இருக்கு. நான் பின்வாங்கறதில்ல.

— இவருக்கு ரிவர்ஸ் வராது தம்பி.

— மங்களம்!

— ரிட்டயர் ஆனப்புறம் டிரைவிங் ஸ்கூல்ல சேர்ந்தாரு. ரிவர்ஸ் சொல்லிக் குடுக்க வேண்டிய அன்னைக்கு, மாஸ்டருக்கு இவர் அமெரிக்க டாங்கி இன்ஜினைப் பத்திச் சொல்லிக் குடுத்துட்டிருந்தாரு. அதுலேருந்து ஒரு வாசல்ல நுழைஞ்சு இன்னொரு வாசல்ல வெளிய வர்ற எடமா பார்த்துத்தான் நாங்க போறது. என் தங்கச்சி வீட்டுப் பக்கம் போய் வருஷக்கணக்காச்சு. அது முட்டுச் சந்து.

— உன் தங்கச்சி வீட்டுக்குப் போகாததுக்கு வேற காரணமும் இருக்கு.

— அது சரி. அதையும் இங்கேயே பேசிடலாமா?

— கேளு, கேளு. நமக்குப் பின்னாடி ஹார்ன் கேக்குதா? ஒரு ஸ்கூட்டர், ஒரு ஆட்டோ. வெங்காய வண்டிக்காரன் கூட குரல் குடுக்கறான். நேட்டோ ஒப்பந்தம், அஞ்சாவது ஷரத்து. ஒருத்தனைத் தொட்டா எல்லாரையும் தொட்ட மாதிரி.

— அவங்க உங்களைத்தான் திட்டறாங்க சார். கன்னடத்துல.

— கூட்டணிக்குள்ள கருத்து வேறுபாடு சகஜம்.

— இப்ப பூக்கடை அக்காவும் திட்டுது. அது தமிழ்லயே திட்டுது. பேஜார் பண்ணாதீங்க சார். எனக்கு இந்தச் சேரை எறக்கணும். பெரியவரு ஒருத்தரு வேற வண்டியில இருக்காரு, அவரை வீட்டுல விடணும்.

— தலையோட சால்வையைப் போத்திக்கிட்டு உன் சீட் பக்கத்துல தூங்கறாரே, அவரா தம்பி?

— ஆமாம்மா. வெயிலுக்குப் போத்தினாரு. ஏறினதுலேருந்து ஒரே குறட்டை.

— மயில் கழுத்துக் கலரு. ஜரிகை கூட அகலமா இருக்கு. ஏங்க, பாத்தீங்களா?

— பாத்தேன். வெயிலுக்குப் போத்திக்கற ஆளுக்கெல்லாம் எவனோ சால்வை குடுக்கறான்.

— அப்படி எங்க சார் போகணும் இவ்ளோ அவசரமா?

— விவேக்...

— மங்களம்! போற இடத்தை எதிரிகிட்டச் சொன்ன படை உருப்பட்டதா சரித்திரமே இல்ல. ஒரு முக்கியமான எடம், நரேஷ். எனக்காக அங்கே ஒரு சபையே காத்துட்டிருக்கு. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

— சொல்ல வேணாம் சார். சாவியைக் குடுங்க. நானே உங்க காரை ரிவர்ஸ் எடுத்து விடறேன். ரெண்டு நிமிஷம், ஆய்த்து.

— எதிரி கையில என் வாகனத்தையா?

— குடுத்துடுங்க. சபை காத்துட்டிருக்குல்ல? இங்கயே நின்னா சால்வையை வெங்கடசாமிக்குத்தான் போத்துவாங்க.

— அவனுக்கா? டாங்கியோட முன்பக்கம் எது பின்பக்கம் எதுன்னே தெரியாத ஆளு. போன வருஷம் “இட்லியா தோசையா”வுல இட்லிக்குப் பேசினவன். நான் நேட்டோன்னு பேர் குடுத்தேன், உடனே அவன் ரஷ்யான்னு குடுத்தான். அவ்வளவுதான் அவன் கொள்கை.

— இட்லி ஜெயிச்சுதுங்க.

— ...ராணுவ ரீதியா பார்த்தா, ஒரு நாட்டு டாங்கியை இன்னொரு நாட்டுக்காரன் ஓட்டறது புதுசு இல்ல. அதுக்குத் தொழில்நுட்ப ஒத்துழைப்புன்னு பேரு. ஆனா ஒரு நிபந்தனை. நான் பக்கத்து சீட்ல இருப்பேன். கட்டளை என்னுது.

— குடுங்க சார், குடுங்க. பின்னாடி ஸ்கூட்டரும் ஆட்டோவும் ஒதுங்கியாச்சு. அம்மா, நீங்க பின்னாடி உக்காந்துக்கோங்க.

— ம்ம். படை, பின்புறமாக... மெதுவா. இடது பக்கம் சைக்கிள். இடதுன்னு சொல்றேன்! அந்த வெங்காய வண்டி...

— அது அப்பவே தாண்டியாச்சு சார். பூக்கடை வந்துடுச்சு. ஹேண்ட்பிரேக் போட்டாச்சு.

— முடிஞ்சுதா?

— முடிஞ்சுது சார்.

— இவ்வளவுதானா இது?

— இவ்ளோதாங்க. இனிமே என் தங்கச்சி வீட்டுக்கும் இந்தத் தம்பியைக் கூட்டிட்டே போலாம்.

— நாம பின்வாங்கினதா நினைக்காதே, மங்களம். இது மறுஅணிவகுப்பு. பாரு, சண்டை இல்லாம, சேதம் இல்லாம... நல்ல பையன் நீ, நரேஷ். உன்னை என் பேச்சுல ஒரு உதாரணமா சேர்த்துக்கறேன்.

— பேச்சா? நீங்க பேசறவரா சார்? அதான் பாத்தேன். சரி, இப்பவாவது சொல்லுங்க, எங்க போகணும்? கிட்ட வழி காட்டறேன்.

— இனி சொல்லலாம். விவேக் நகர். சர்ச்சுக்குப் பின்னாடித் தெருவுல ஒரு ஹால். இன்னைக்கு அங்கே பட்டிமன்றம்.

— டாங்கி பட்டிமன்றமா?

— பாத்தியா மங்களம்! நீலசந்திரா வரைக்கும் பேசிக்கறாங்க. நான்தான்பா நேட்டோ அணித் தலைவர்.

— ஐயோ சார். இந்தச் சேரெல்லாம் அந்த மீட்டிங் சேருதான்.

— கூட்டம் அதிகமா? கூடுதலா கொண்டு போறியா?

— ஏங்க, அவன் வண்டி அந்தப் பக்கத்துலேருந்து வருது.

— திருப்பி எடுத்துட்டு வரேன் சார். ஒரு அணிதான் வந்துச்சு. இன்னொரு தலைவருக்குப் போன் போட்டுப் போட்டுப் பாத்தாங்க, சுவிட்ச் ஆஃப். அடுத்து அதே ஹால்ல ஒரு காதுகுத்து. அவங்க துணி மாட்டின சேர்தான் வேணும்னுட்டாங்க. அதான் நடுவரு சட்டுனு பெல்லை அடிச்சுத் தீர்ப்பைச் சொல்லிட்டாரு.

— தீர்ப்பா? விவாதமே நடக்காம எப்படித் தீர்ப்பு? எதிரணித் தலைவன் அப்படி என்னதான் பேசினான்?

— ஒண்ணும் பேசல சார். வந்து உக்காந்தாரு. ஒரு டீ குடிச்சாரு. சால்வை போத்தினாங்க, போட்டோ எடுத்தாங்க.

— ...என்ன மாதிரி சால்வை?

— ஏங்க. மயில் கழுத்துக் கலரு.

— ஒரு நிமிஷம் இருங்க சார், அவரையே கேட்டுடலாம். வெங்கடசாமி சாரே! எந்திரிங்க சாரே, மூஞ்சிலேருந்து சால்வையை எடுங்க. நேட்டோ வழி விட்டாச்சு, வீட்டுக்குப் போலாம்.