தல்மேதாவின் பக்கத்து இடம்

காலை ஐந்து மணி. சாலமோன் எழுந்தான். பல் தேய்த்தான். அடுப்பில் தண்ணீர் வைத்து, இரண்டு டம்ளரில் டீ ஊற்றினான். ஒன்றைக் குடித்தான். மற்றது ஆடை கட்டிக் கிடந்தது. இரண்டையும் கழுவிக் கவிழ்த்தான். சட்டையை மாட்டி, வீட்டைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான்.

இருள் பிரியாத துறைமுகச் சாலை. ஒரு பக்கம் வரிசையாகக் கன்டெய்னர் லாரிகள். டிரைவர்கள் தூக்கத்தில்… இன்ஜின் மட்டும் எங்கோ ஒன்று உறுமிக்கொண்டு. இன்னொரு பக்கம் கல்லறைத் தோட்டத்துச் சுவர். ஆள் நடமாட்டம் கிடையாது. கருவாடும் டீசலும் கலந்த வாடை. சுவரோரம் வண்டியை நிறுத்தி, உள்ளே போய், கல்லைத் துடைத்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டுக்கு வேலைக்குப் போவான். மனைவி பெனிஷா போனதிலிருந்து அதுதான் வழக்கம்.

இவன் நம்ம வல்லரசுவின் சித்தி மகன். மீன் விற்கிற வல்லரசு சொன்னதுதான் இது. அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை, மீன் விலை சொல்லும்போது தவிர. கேளுங்கள். அந்த ஜன்னலை மட்டும் சாத்திவிடுங்கள்… சரி.

பெனிஷா தூத்துக்குடிப் பெண். பெயருக்குப் பின்னால் தல்மேதா என்று ஒரு பெயர் உண்டு. அந்தக் கடற்கரைக் கிறிஸ்தவர்களுக்கு அப்படிப் பரம்பரைப் பெயர் இருக்கும். சாலமோனுக்கு முன்னால் ஓர் இனிஷியல், அவ்வளவுதான். கல்யாணமாகி ராயபுரம், கல்மண்டபம் என்று வீடு தேடி அலைந்தபோது, ஒரு முட்டுச்சந்தின் பெயர்ப்பலகை முன்னால் அவள் நின்றுவிட்டாள். தல்மேதா சந்து.

"எங்க பேருல்லா!" முகமெல்லாம் சிரிப்பு.

தண்ணீர் வராது, வெயில் வராது, சாக்கடை வரும். ஆனாலும் அங்கேதான் வீடு என்றாள். ஆட்டோக்காரர்கள் தலைமேடு சந்து என்பார்கள். ஒவ்வொருவரையும் திருத்துவாள்.

"வாடகை கேட்டா பேரச் சொல்லு மகாராணி, உட்ருவான்" என்று வல்லரசு ஓட்டுவான்.

"சொல்லத்தான் போறேன். உங்களுக்கு ஒரு சந்து உண்டா?" என்பாள்.

பிறகு ஒரு மழைக்காலத்துக் காய்ச்சல். ஒரு வாரம்கூட இல்லை… முடிந்தது. தெற்கே போகிற பாதையெல்லாம் வெள்ளம், ஊருக்குக் கொண்டுபோக வழியில்லை. இங்கேயோ கல்லறைத் தோட்டத்தில் புதுக் குழிக்கு இடமில்லை. பழைய குடும்பக் குழி உள்ளவர்கள் அதைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். சாலமோனுக்குக் குடும்பப் பெயரும் இல்லை, குழியும் இல்லை. மழையில் நனைந்துகொண்டு நின்றான். குழி வெட்டும் பீம்ராவ்தான் கிட்டே வந்து கேட்டார்.

"பொண்ணு பேரு இன்னா சொன்னே? தல்மேதாவா? அட… அந்தப் பேருல ஒரு குழி கீதுப்பா. பெர்சு. பாதி காலி."

கஸ்பார் தல்மேதா. சந்துக்குப் பெயர் வந்ததே அந்த மனிதரால்தான். செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கல்லில் அவர் பெயருக்குக் கீழே வழவழவென்று வெற்றிடம். அதில் 'பெனிஷா தல்மேதா' என்று வெட்டினார்கள். குடும்பப் பெயருக்குத்தான் குழி, புருஷன் பெயர் போட வழியில்லை. சாலமோன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டன் முறை ஆகிற யாரோ ஒருவர் பக்கத்தில் படுத்திருக்கிறாள். தனியாக இல்லை. அந்த ஆறுதலில்தான் அவனுக்குத் தூக்கம் வந்துகொண்டிருந்தது.

ஒரு ஞாயிறு காலை, கல்லறைத் தோட்டத்துக்குள் ஒரு கூட்டம் நுழைந்தது. ஊர் வரலாறு பார்க்க வந்தவர்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில், கையில் போன். முன்னால் ஷாஸியா என்று ஒரு பெண், சட்டையில் குத்திய மைக்கோடு. பக்கத்துக் கல்லில் உட்கார்ந்திருந்த சாலமோனை வாட்ச்மேன் என்று நினைத்திருப்பார்கள்.

"தல்மேதா சந்து தாண்டித்தானே வந்தோம்? அந்த தல்மேதா இவர்தான். தூத்துக்குடித் தோணி முதலாளி. ஒரு ஆச்சரியம் சொல்லவா? இந்தப் பேரு இருக்கிற எல்லாரும் சொந்தக்காரங்கன்னு நினைப்போம். கிடையாது! அந்தக் காலத்துல ஞானஸ்நானம் வாங்கினப்போ, ஞானத்தகப்பனா நின்ன போர்ச்சுகீசியர் பேரை எடுத்துக்கிட்டாங்க. ஒரே ஆள் எத்தனையோ குடும்பத்துக்கு நின்னிருப்பார். பேரு ஒண்ணு, ரத்தம் வேற. தல்மேதாவும் தல்மேதாவும் கல்யாணமே பண்ணிக்கலாம்."

சாலமோன் தலையைத் தூக்கினான்.

"இன்னொண்ணு. இவர் கல்யாணம் பண்ணிக்கல. தூத்துக்குடியிலேருந்து ஒரு பொண்ணு வர்றதா இருந்துச்சாம். அவளுக்கும் சேர்த்துத்தான் ரெண்டு பேர் குழியா முன்னாடியே கட்டி வச்சிட்டார். பொண்ணு வரவேயில்ல."

கூட்டத்தில் ஒருவன் குனிந்து கல்லைப் படித்தான்.

"வந்துட்டாங்களே மேடம்! லேட்டானாலும் வந்துட்டாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு பெயரும் ஜோடியாகத் தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அன்றிலிருந்து சாலமோன் கல்லை முழுதாகத் துடைப்பதை நிறுத்தினான். கீழே இருக்கிற பெயரை மட்டும் துடைப்பான். மேலே இருப்பது தூசியில் கிடக்கட்டும். வீட்டில் டீ ஆற்றும்போது யோசிப்பான்… ராயபுரத்தில் அத்தனை தெரு இருக்க, அந்தப் பலகை முன்னால் அவள் ஏன் நின்றாள்? அவ்வளவு சிரிப்பு எதற்கு? தன்னைப் பார்த்து என்றைக்காவது அப்படிச் சிரித்தாளா? செத்த மனிதன் மேல் பொறாமை. யாரிடம் சொல்வது?

பிறகு ஒரு விடியல். காற்று இல்லை. லாரிகளும் அடங்கியிருந்தன. அவன் கல்லருகே குனிந்தபோது கேட்டது.

டக்… டக்டக்.

டீ வேண்டுமென்றால் பெனிஷா மோதிர விரலால் டம்ளரைத் தட்டுவாள். ஒன்று, நிறுத்தி, இரண்டு. அதே தட்டு. கல்லுக்கு அடியிலிருந்து. வீங்கிய விரலிலிருந்து மோதிரம் கழலவில்லை, அதோடுதான் அவளைப் புதைத்திருந்தார்கள்.

சாலமோன் அப்படியே குப்புறப் படுத்துக் காதை வைத்தான். கல் சில்லென்றிருந்தது. ஈரச் சுண்ணாம்பு வாடை. பயமே இல்லை அவனுக்கு. சந்தோஷம்… பெனிஷா, பெனிஷா என்று முனகினான்.

அப்போது மறுபக்கத்திலிருந்து இன்னொரு தட்டு. மெதுவாக, கனமாக. டொக்.

டக்டக்.

டொக்… டொக்.

டக்டக்டக்டக். சிரித்துச் சிரித்துப் பேசுகிற மாதிரி.

எங்கிருந்தோ சுருட்டு வாடை. சாலமோன் தன் மோதிரத்தால் கல்லைத் தட்டினான். ஒன்று, நிறுத்தி, இரண்டு. சட்டென்று அடங்கிவிட்டது. மூன்றாம் ஆள் அறைக்குள் வந்ததும் பேச்சு நிற்குமே, அப்படி. காத்திருந்தான். ஒன்றுமில்லை. எழுந்து, தள்ளிப் போய், வாசலருகே நின்றான்.

டக்டக். டொக்.

அடுத்த நாள் யார்டிலிருந்து பெயின்ட் கொண்டுவந்தான். கன்டெய்னரில் நம்பர் எழுதுகிற மஞ்சள் பெயின்ட். உப்புக் காற்றிலும் மழையிலும் வருஷக்கணக்கில் நிற்கும். அவள் பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில் எழுதினான். 'சாலமோன் மனைவி.' எழுதி முடித்ததும் மேலே இருந்த பெயரைப் பார்த்து, "இப்போ இன்னா பண்ணுவே?" என்று கேட்டானாம்.

மறுநாள் போய்ப் பார்த்தான். 'சாலமோன்' இல்லை. சுரண்டிய தடம் இல்லை, கரைத்த கறை இல்லை. அந்த இடத்தில் எழுதினதே இல்லை என்கிற மாதிரி கல் பளிச்சென்றிருந்தது. 'மனைவி' மட்டும் மஞ்சளாக நின்றது. மேலிருந்து கீழே படித்தான். கஸ்பார் தல்மேதா. பெனிஷா தல்மேதா. மனைவி.

ஓடிப்போய் பீம்ராவை உலுக்கினான்.

"தோண்டுண்ணா. அவள எடுத்துறலாம். வேற எங்கியாவது வச்சிக்கிறேன்."

"வூடு மாத்தறா மாதிரி பேசறியே நைனா! இது இன்னா சாமான் செட்டா? அதுக்கு இஷ்டமா இல்லியான்னு யாராண்ட கேப்பே?" பீம்ராவ் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "மனச பேஜாராக்கிக்காத. கடைசியா அது உன்னாண்ட இன்னா சொல்லிச்சி? அத்த மட்டும் நெனைச்சிக்கோ."

சாவு வீட்டிலும் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். "என் பேரச் சொன்னா" என்று அப்போது சொல்லியிருந்தான். பீம்ராவிடமும் அதையே சொல்லிவிட்டு வந்தான். அன்று சாயங்காலம் வல்லரசு வீட்டுக்குப் போய், கொடுத்த சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்து, அவனிடம் மட்டும்தான் உள்ளதைச் சொன்னான்.

ஆஸ்பத்திரி வார்டு. கட்டிலின் இந்தப் பக்கம் சாலமோன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. அந்தப் பக்கம் ஒரு ஸ்டூல். காலி. காய்ச்சல் விட்டுவிட்டது போலக் கண் தெளிந்திருந்தது. அவள் கையை மெதுவாக உருவிக்கொண்டாள். அந்த ஸ்டூலைப் பார்த்து, வெட்கப்பட்டுச் சிரித்தாள். பிறகு இவன் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாக, வந்த விருந்தாளியை அனுப்புகிற மாதிரி சொன்னாள்:

"நீங்க வீட்டுக்குப் போயி தூங்குங்க. இவுக எங்கூட இருக்காகல்லா."