மிச்சமிருந்த இருபது நாள்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரும், சார். என் மேஜையில் கிடக்கும் கோப்புகளுக்கும் வரும். அதனால் கன்னியம்மாவின் கோப்பையும் நான் தூங்க வைத்துக் கெடுத்தேன் என்று விசாரணை அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். முப்பது வருட சர்வீஸில் நான் ஓடி ஓடி முடித்த ஒரே கோப்பு அது.

அவள் புருஷன் பக்தவச்சலம் தாம்பரம் பக்கம் ஒரு சாக்கடைக் குழியில் இறங்கிச் செத்தான். முகமூடிகூடக் கொடுக்காமல் இறங்கச் சொன்னவர் பொறியாளர் அனந்தகிருஷ்ணன். அரசு ஊழியர் என்பதால் அவர்மேல் வழக்குப் போட அரசு அனுமதி வேண்டும். அந்த அனுமதிப் பிரிவில்தான் நான் எழுத்தர். சாவு நடந்து மூன்று வருடத்துக்குள் வழக்கு நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும். போலீஸ் நிதானமாக விசாரித்து எங்களிடம் அனுமதி கேட்டபோது மிச்சம் இருபது நாள்.

செவ்வாய்தோறும் கன்னியம்மா வருவாள்.

“இன்னா சார், நம்ம பேப்பர் எங்க கீது?”

“மேல இருக்கும்மா.”

“எட்டு மாசமா மேலயே கீதே, எறங்க ஏணி இல்லியா?”

சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுப்பேன். அவள் அழுது நான் பார்த்ததில்லை.

அனந்தகிருஷ்ணன் அழுதார். செம்பாக்கத்தில் எனக்கு அடுத்த தெரு. “தையில என் பொண்ணு சின்மயிக்குக் கல்யாணம், தோத்தாத்ரி. ஃபைலை அப்படியே உட்கார வெச்சுடேன்” என்றார்.

பொறியாளருக்குச் சட்டம் எங்கே தெரியும்? அனுமதிக்குக் காத்திருக்கும் நாட்களைச் சட்டம் கணக்கில் சேர்க்காது. எங்களிடம் இருக்கும்வரை கோப்பு ஃப்ரிட்ஜில் வைத்த மாவு. வெளியே எடுத்தால்தான் புளிக்கும்.

எடுத்தேன். மூன்றே நாளில் அதிகாரியிடம் கையெழுத்து வாங்கினேன். அனுமதி ஆணையைப் பொங்கல் சுற்றறிக்கைகளுக்கு நடுவில் செருகி, நானே காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். ஏட்டு சாலமன் பிரித்துப் பார்க்காமல் மொத்தக் கட்டுக்கும் ஒரே கையெழுத்துப் போட்டார். அந்த நிமிடம் ஆணை அவர்களுக்குக் கிடைத்துவிட்டது. மிச்சமிருந்த இருபது நாளும் ஓட ஆரம்பித்தது. ஓடுவது எனக்கு மட்டும் தெரியும்.

நடுவில் இரண்டு செவ்வாய் வந்தது. இரண்டு தடவையும் “மேல இருக்கும்மா” என்றேன். டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

மூன்றாவது செவ்வாய் இருபத்தோராம் நாள். முந்தின நாள் நீதிமன்றம் பூட்டியதோடு வழக்கு செத்திருந்தது. “அனுமதி கெடச்சாச்சும்மா” என்றேன். பொய்யில்லை. தேதியை மட்டும் சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் அவள் அழுதாள். “நீ நல்லாருக்கணும் சார்” என்று கும்பிட்டாள். மறுநாள் திருநீர்மலையில் படைத்த சர்க்கரைப் பொங்கலைத் தூக்கில் கொண்டுவந்தாள். எனக்குச் சர்க்கரை வியாதி, வீட்டில் கடுமையான தடை. இருந்தாலும் தூக்கு காலியாகும்வரை தின்றேன், சார்.

அவள் மனசு நோகக் கூடாது, பாருங்கள்.